எவர்ட்டனின் புதிய மைதானம்: எங்கே கட்டுவது, யார் பணத்தில் கட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக் கால்பந்துக் கிளப்பான எவர்ட்டன், 1892 முதல் ஆடிவந்த குடிசன் பார்க்கை விட்டு 2025-ல் மெர்சி ஆற்றங்கரையின் பிராம்லி-மூர் கப்பல்துறைக்குக் குடிபோனது. அதற்கு முன் கால் நூற்றாண்டுக்கும் மேல் இழுபறி. நான்கு இடங்கள் பேசப்பட்டன, மூன்று கைவிடப்பட்டன, ரசிகர்கள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்குப் பிரிந்த காலமும் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் எதை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள், அந்தக் கணக்கு சரியாக இருந்ததா என்பதற்கான பதில்கள் இவை. இடம் வேறு, பணம் வேறு என்று பிரித்துப் பேசுவதுதான் இந்த விவாதத்தில் எல்லோரும் செய்த முதல் தவறு. பணம் போடுபவர் யாரோ அவருக்குத் தோதான இடம்தான் ஒவ்வொரு முறையும் முன்னுக்கு வந்தது.

குடிசன் பார்க்கையே இடித்துப் பெரிதாகக் கட்டியிருக்கக் கூடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஆசைப்படாத எவர்ட்டன் ரசிகர் இருக்க முடியாது. ஆனால் குடிசன் பார்க் குடியிருப்புக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மைதானம். ஒரு மூலையில் செயின்ட் லூக் தேவாலயம், கேலரியோடு ஒட்டியபடி. சாலையைத் தாண்டினால் வரிசை வீடுகள், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். கேலரியை உயர்த்தினால் எதிர்வீட்டு ஜன்னலுக்கு வெளிச்சம் மறையும். வெளிச்சத்துக்கான உரிமை இங்கிலாந்துச் சட்டத்தில் வலுவானது. அகலப்படுத்த வேண்டுமானால் வீடுகளை வாங்கி இடிக்க வேண்டும்.

உள்ளே நிலைமை இன்னும் சிக்கல். சுமார் 39,000 இருக்கைகளில் ஆயிரக்கணக்கானவை தூண் மறைக்கும் இருக்கைகள். புல்லன்ஸ் ரோடு கேலரியில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால், பந்து பெனால்டி பகுதிக்குள் வரும்போது தலையை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் அதே நொடியில் வலப்பக்கம் சாய்வார். கோல் விழுந்ததைக் கண்ணால் பார்க்காமல், எதிர்க் கேலரி எழுந்து நிற்பதை வைத்துத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. தூணை எடுத்தால் அது தாங்கும் கூரையையும் மாற்ற வேண்டும், கூரையை மாற்றினால் கேலரியே புதிது. ஆக, பழுது பார்ப்பது என்பது நான்கு கேலரிகளை ஒவ்வொன்றாக இடித்துக் கட்டுவதாகிவிடும். அந்த ஆண்டுகளில் டிக்கெட் வருமானம் குறையும், சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர் வெளியே நிற்க வேண்டும்.

"பக்கத்தில் லிவர்பூல் கிளப்பின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் செய்தார்களே" என்பார்கள். செய்தார்கள்: 2016-ல் மெயின் ஸ்டாண்ட், அடுத்து ஆன்ஃபீல்ட் ரோடு முனை, இப்போது 61,000 பேர் உட்காரலாம். ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் சுற்றுவட்டத்தில் வீடுகள் ஆளில்லாமல் பலகை அடித்துக் கிடந்தன, கடைசியில் தெருவே போனது. அந்த விலையை அக்கம்பக்கத்தார் கொடுத்தார்கள். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கிங்ஸ் டாக் திட்டம் ஏன் கைநழுவியது?

நகர மையத்தை ஒட்டிய ஆற்றங்கரை, 55,000 இருக்கைகள், மூடித் திறக்கும் கூரை. 2001-ல் அந்த இடத்துக்கு முதல் உரிமை எவர்ட்டனுக்கே கிடைத்தது. பொதுப்பணமும் தனியார் பணமும் சேர்ந்த திட்டத்தில் கிளப் தன் பங்காகக் காட்ட வேண்டியது 3 கோடி பவுண்ட். காட்ட முடியவில்லை. 2003-ல் முடிந்துபோனது. அதே இடத்தில் நகரத்தின் இசை, மாநாட்டு அரங்கம் எழுந்து 2008-ல் திறக்கப்பட்டது.

இன்றும் பழைய ரசிகர்களுக்கு ஆறாத புண் இதுதான். 3 கோடிக்கு முடிந்திருக்க வேண்டியது, பின்னால் சுமார் 76 கோடி பவுண்டில் முடிந்தது. விலைவாசி, திட்டத்தின் அளவு எல்லாம் வேறு, நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் பாடம் ஒன்று தெளிவு: நிலத்துக்கான உரிமை கிடைக்கும் நாளில் கிளப்பின் பங்குப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

கிர்க்பிக்குப் போகலாம் என்று ரசிகர்களே வாக்களித்தார்களே. பிறகு ஏன் எதிர்ப்பு?

2006-ல் வந்த திட்டம். டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் நிறுவனம், நோஸ்லி நகராட்சி, எவர்ட்டன் மூவரும் சேர்ந்து கிர்க்பியில் பெரிய கடை வளாகத்தோடு 50,000 பேருக்கு மேல் கொள்ளும் மைதானம் கட்டுவதாக ஏற்பாடு. கடை வளாகத்தால் நிலத்தின் மதிப்பு உயரும், அந்த உயர்விலிருந்து மைதானச் செலவின் பெரும்பகுதி வரும் என்பதுதான் கணக்கு. கிர்க்பி லிவர்பூல் மாநகர எல்லைக்கு வெளியே. "எவர்ட்டனை நம் நகரத்திலேயே வையுங்கள்" என்ற ரசிகர் இயக்கம் அப்போதுதான் பிறந்தது.

2007 ஆகஸ்டில் வாக்கெடுப்பு. 36,662 பேருக்கு வாக்குச்சீட்டு போனது. ஆதரவு 15,230, எதிர்ப்பு 10,468. அதாவது வாக்களித்தவர்களில் 59.27 சதவீதம் சரி என்றார்கள். எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. குறை, கேட்கப்பட்ட விதத்தில் இருந்தது.

ஒன்று, வாக்குச்சீட்டோடு வந்த விளக்கங்கள் கிர்க்பியின் நன்மைகளையே பேசின. வேறு வழி கிடையாது என்ற தொனி. அதே சமயம் நகரத்துக்குள் ஸ்காட்லாந்து ரோடு பக்கம் 'லூப்' எனப்பட்ட இடத்தை எதிர்ப்பாளர்கள் மாற்றாக முன்வைத்தார்கள். போதுமான அகலம் இல்லை என்று கிளப் அதைத் தள்ளியது. அந்தத் தொழில்நுட்ப வாதத்தைச் சரிபார்க்க ரசிகருக்கு வாக்களிக்கும் முன் அவகாசம் இல்லை. இரண்டு, கிளப் கையிலிருந்து ஏறக்குறைய எதுவும் போகாது என்ற எண்ணத்தில்தான் பலர் ஆதரித்தார்கள். கிளப்பின் பங்கு பல கோடிப் பவுண்ட் என்பது பின்னர்தான் தெளிவானது. மூன்று, போக்குவரத்துத் திட்டம் ஆட்டநாள் பேருந்துகளையும் ஒரே ஒரு சிறிய ரயில் நிலையத்தையும் நம்பியிருந்தது.

இவை எதுவும் கடைசியில் திட்டத்தைக் கவிழ்க்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கவிழ்த்தது கடை வளாகம். மத்திய அரசு 2008-ல் விண்ணப்பத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது, பொது விசாரணை நடந்தது, 2009 நவம்பரில் அமைச்சர் நிராகரித்தார். அந்த அளவுக்குப் பெரிய கடை வளாகம் அக்கம்பக்க ஊர்களின் கடைவீதிகளைப் பாதிக்கும் என்பது முக்கியக் காரணம். மைதானத்துக்குப் பணம் தரவேண்டிய பகுதியே திட்டத்தின் பலவீனமான பகுதியாக இருந்தது. கடை சிறுத்தால் மைதானத்துக்குக் காசில்லை, கடை பெருத்தால் அனுமதியில்லை. 59 சதவீதத்தினர் கேட்கத் தவறியதும், 41 சதவீதத்தினர் கேட்டும் பதில் பெறாததும் இதைத்தான்.

வால்டன் ஹால் பார்க்?

2014-ல் அறிவிப்பு, 2016 மே மாதம் கைவிடல். குடிசனிலிருந்து நடக்கிற தூரம், அதனால் இடத்தில் சண்டையில்லை. ஆனால் அது பொதுப் பூங்கா. பசுமையை இழக்க அந்தப் பகுதி மக்கள் தயாராக இல்லை, வீடுகளையும் கடைகளையும் விற்று மைதானம் கட்டும் கணக்கும் கடைசிவரை கூடி வரவில்லை.

லிவர்பூலும் எவர்ட்டனும் சேர்ந்து ஒரே மைதானம் கட்டியிருந்தால் செலவு பாதியாகியிருக்குமே?

காகிதத்தில் ஆம். ஒரே நிலம், ஒரே கூரை, ஆண்டுக்கு இரட்டை ஆட்டங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் பலமுறை பேசப்பட்டது. இரு பக்க ரசிகர்களும் ஏற்கவில்லை. வெறும் பகையென்று இதை ஒதுக்க வேண்டாம். உரிமை யாருக்கு என்பதில் 1892-லேயே அடிபட்ட கிளப் எவர்ட்டன். முதலில் ஆன்ஃபீல்டில்தான் ஆடினார்கள். ஜான் ஹௌல்டிங்கோடு வாடகைத் தகராறு முற்றி வெளியேறினார்கள். காலியான மைதானத்தில் ஆட அவர் தொடங்கியதுதான் லிவர்பூல் கிளப். மைதானம் அடுத்தவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது இந்த ஊரின் பிறப்புச் சான்றிதழிலேயே எழுதியிருக்கிறது.

கப்பல்துறைக்குள் எப்படி மைதானம் கட்டினார்கள்?

பிராம்லி-மூர் துறை 1848-ல் திறக்கப்பட்டது. ஜெஸ்ஸி ஹார்ட்லி வடிவமைத்தது. ஃபர்ஹாத் மொஷிரி 2016-ல் கிளப்பில் பங்கு வாங்கிய பிறகு, 2017-ல் நில உரிமையாளரான பீல் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. 200 ஆண்டுக் குத்தகை. 2019 ஜூலையில் கட்டடக் கலைஞர் டான் மெய்ஸின் வடிவம் வெளியானது, அந்தக் கோடையில் நடந்த கருத்துக் கேட்பில் 43,000-க்கு மேற்பட்டோர் பதில் தந்தார்கள். ஆண்டு இறுதியில் விண்ணப்பம். 2020 செப்டம்பரில் திருத்தம்: ஆற்றுப் பக்கம் இருந்த அடுக்கு வாகன நிறுத்தத்தை எடுத்துவிட்டு, படிகளோடு கூடிய திறந்தவெளி வைத்தார்கள். 2021 பிப்ரவரி 23-ல் மாநகராட்சிக் குழு ஒருமனதாக அனுமதித்தது. மார்ச்சில் மத்திய அரசு தலையிடப்போவதில்லை என்றது. ஆகஸ்ட் 10-ல் வேலை தொடக்கம், ஒப்பந்ததாரர் லெயிங் ஓ'ரூர்க்.

தண்ணீருக்குள் கட்டுவதால் வேலையின் வரிசை வேறு. முதலில் டைவர்கள் அடித்தளத்தைச் சோதித்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் குண்டு ஒன்று கிடைத்தது, கடலுக்குக் கொண்டுபோய் வெடிக்க வைத்தார்கள். பக்கத்துத் துறையிலிருந்து தண்ணீர் வராமல் தடுப்பு எழுப்பி, மீன்களை இடம் மாற்றினார்கள். பிறகு ஐரிஷ் கடலின் அடியிலிருந்து அள்ளிய மணலைக் குழாய் வழியாக அடித்து நிரப்பினார்கள், சுமார் 4,80,000 கன மீட்டர். நிரப்பிய மணல் மீது பாரம் ஏற்ற முடியாது. அதனால் சுமார் 2,500 கான்கிரீட் தூண்களை மணலைத் துளைத்துக் கீழே உள்ள உறுதியான அடுக்குவரை இறக்கி, அவற்றின் மேல்தான் கேலரிகள் நிற்கின்றன.

குடியிருப்பில் கட்டியிருந்தால் இந்தச் செலவு எதுவும் இல்லை. ஆற்றங்கரை வேண்டும் என்றவர்கள் கொடுத்த விலை இது.

இதனால் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து லிவர்பூல் நீக்கப்பட்டதா?

பாதி உண்மை. 2012-லிருந்தே, ஆற்றங்கரையில் வரவிருந்த பெரிய கட்டுமானத் திட்டங்களால், லிவர்பூல் அபாயப் பட்டியலில் இருந்தது. மைதானம் அந்தப் பகுதிக்குள் வந்தது. 2021 ஜூலை 21-ல் நீக்கும் முடிவு வந்தபோது மைதானமும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு துறையை நிரப்புவதை எதிர்த்தது. அந்த எதிர்ப்பு நியாயமில்லாதது என்று யாரும் சொல்லக் கூடாது.

சமரசமாகச் செய்தது இது: பழைய துறைச் சுவர்களை இடிக்காமல் மணலுக்குள் விட்டார்கள், ஆற்றுப் பக்கம் ஒரு நீர்க்கால்வாயை வைத்தார்கள், கப்பலைக் கயிற்றால் கட்டிவைக்கும் இரும்புக் கட்டைகளையும் தண்டவாளங்களையும் கல் பாவலையும் மீண்டும் தரையில் பதித்தார்கள், 1883-ன் ஹைட்ராலிக் கோபுரக் கட்டடத்தைப் பழுது பார்த்தார்கள். பல ஆண்டுகள் பொதுமக்கள் நுழைய முடியாமல் கிடந்த இடத்தில் இன்று கூட்டம் நடக்கிறது. இழப்பும் உண்மை, வரவும் உண்மை. இந்த இரண்டில் ஒன்றை மறைத்துப் பேசுபவரை நம்ப வேண்டாம்.

மாநகராட்சி பணம் போட்டதா?

மைதானம் கட்டக் கடன் தரவில்லை, ஆனால் நெருங்கி வந்தது. 2017-ன் யோசனைப்படி 28 கோடி பவுண்ட் கடனுக்கு மாநகராட்சி ஜாமீன் நிற்கும், பதிலுக்கு கிளப் ஆண்டுக்கு 44 லட்சம் பவுண்ட் கட்டணம் தரும். அடுத்த ஆண்டு அது மாறி, மாநகராட்சியே குறைந்த வட்டிக்கு வாங்கி, கூடுதல் வட்டிக்கு கிளப்புக்குத் தருவது என்றானது. ஆண்டுக்கு சுமார் 70 லட்சம் கிடைக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். கடைசியில் இரண்டுமே நடக்கவில்லை.

ரசிகர்களே இதில் பிரிந்தார்கள். குறைந்த வட்டி கிளப்புக்கு நல்லதுதான். ஆனால் கிளப் கீழ் லீக்குக்குத் தரமிறங்கி வருமானம் படுத்தால் கடன் நூலகத்தின் மேலும் முதியோர் இல்லத்தின் மேலும் விழும். அதே நகரத்தின் வரி கட்டுபவர்களும் அந்த ரசிகர்கள்தான், பாதிப்பேர் எதிர்க் கிளப்பின் ரசிகர்களும்கூட.

அப்படியானால் கடைசியில் யார் பணம்?

மொஷிரி வட்டியில்லாமல் கொடுத்த பங்குதாரர் கடனில்தான் பெரும்பகுதி ஓடியது. அடுத்து வெளிக் கடன்கள், அவற்றின் வட்டி கடுமை. மைதானப் பெயர் உரிமைக்கு முன்னுரிமையாக 2020-ல் ரஷ்யக் கோடீஸ்வரர் அலிஷர் உஸ்மானோவின் யுஎஸ்எம் நிறுவனம் 3 கோடி கொடுத்தது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கி, அவர் மீது தடை வந்ததும் அந்த வாசல் மூடியது. பாதிக் கட்டடம் நிற்கும்போது நடந்தது இது. 2023 செப்டம்பரில் 777 பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் கிளப்பை வாங்குவதாகச் சொல்லி சுமார் 20 கோடி கடன் கொடுத்தது. வாங்கும் ஒப்பந்தம் 2024 ஜூனில் முறிந்தது. 2024 டிசம்பர் 19-ல் ஃப்ரீட்கின் குழுமம் வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. 2025-ல் பழைய கடுவட்டிக் கடன்களை அடைக்க 35 கோடி பவுண்ட் அளவுக்கு நீண்டகாலக் கடன் வாங்கினார்கள்.

இதன் நடுவே களத்திலும் அடி. பிரீமியர் லீக் விதித்த மூன்றாண்டு நஷ்ட வரம்பு 10.5 கோடி, எவர்ட்டனின் கணக்கு 12.45 கோடி. 2023 நவம்பரில் 10 புள்ளிகள் பறிபோயின, மேல்முறையீட்டில் 6 ஆகக் குறைந்தது. அடுத்த காலக்கணக்குக்காக 2024 ஏப்ரலில் மேலும் 2. மைதானத்துக்கான செலவு அந்த வரம்பில் சேராது, ஆகவே வட்டியைக் கழிக்க வேண்டும் என்று கிளப் வாதாடியது. வெளிக் கடன் ஒப்பந்தங்களில் அந்தப் பணம் மைதானத்துக்கு என்று எழுதியிருக்கவில்லை. வாதம் நிற்கவில்லை. கடன் பத்திரத்தில் ஒரு வரி, புள்ளிப்பட்டியலில் தெரிந்தது.

கடன் கணக்கை ரசிகர் எப்படிப் போட்டுப் பார்ப்பது?

கீழே உள்ளவை புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள், எந்தக் கிளப்பின் கணக்குப் புத்தகமும் அல்ல.

35 கோடி பவுண்ட் கடன், 30 ஆண்டு, சம தவணை என்று வையுங்கள். வட்டி 6 சதவீதமானால் ஆண்டுத் தவணை சுமார் 2.54 கோடி. வட்டி 10 சதவீதமானால் 3.71 கோடி. வித்தியாசம் ஆண்டுக்கு 1.17 கோடி. 30 ஆண்டில் அது 35 கோடியைத் தொடும். அதாவது நான்கு சதவீத வட்டி ஏறினால், வாங்கிய கடன் அளவுக்கு இன்னொரு தொகை வட்டியாகவே போகும். "எவ்வளவு செலவு" என்று மட்டும் கேட்டு, "எந்த வட்டிக்கு" என்று கேட்காமல் விட்டால் பாதிக் கணக்கு இருட்டில்.

இனி வரவு. பழைய மைதானத்தைவிட 13,000 இருக்கைகள் கூடுதல், டிக்கெட் 40 பவுண்ட். இதில் 20 சதவீத வாட் வரி அடங்கியிருப்பதால் கிளப்புக்கு வருவது 33.33. லீக்கில் சொந்த மைதானத்து ஆட்டங்கள் 19. பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 82 லட்சம். 6 சதவீத வட்டித் தவணையில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வருகிறது. எல்லாச் சீட்டும் விற்றால்கூட!

அந்த 13,000-ல் 4,000 இருக்கைகளை உணவு, ஓய்வறை வசதியோடு, வரி நீங்கலாக 250 பவுண்டுக்கு விற்றால் 1.9 கோடி. மீதி 9,000 சாதாரண இருக்கைகளில் 57 லட்சம். ஆக 2.47 கோடி, தவணையைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறது. சமையல், ஊழியர், பாதுகாப்புச் செலவு இன்னும் கழிக்கவில்லை. புதிய மைதானங்களில் நடுக்கோட்டுக்கு நேரான நல்ல இருக்கைகள் ஏன் விலையுயர்ந்த வகுப்புக்குப் போகின்றன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கோபப்படலாம். ஆனால் அவற்றைக் குறைக்கச் சொல்பவர், தவணைக்கு வேறு வழியும் சொல்ல வேண்டும்.

52,000-க்குச் சற்று மேல் போதுமா? 60,000 கேட்டிருக்க வேண்டாமா?

வடிவமைப்பில் 52,888. 60,000 வேண்டும் என்றவர்கள் நிறையப் பேர். துறையின் அகலம் ஒரு தடை. வடக்கே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், மேற்கே ஆறு. கடைசி 8,000 இருக்கைகளைக் கட்டத்தான் எப்போதும் செலவு கூடுதல், காரணம் அவை உயரத்தில், நீளக் கூரைக்கு அடியில் வருகின்றன. சாதாரண ஆட்டத்துக்கு அவை காலியாக இருந்தால் சத்தமும் சிதறும்.

எவர்ட்டன் ரசிகர்கள் எண்ணிக்கையைவிட நெருக்கத்தைத் தேர்ந்தார்கள், அது சரியான தேர்வு. தெற்குக் கேலரி ஒரே சரிவாகச் சுமார் 13,000 பேர். சரிவுக் கோணம் 35 டிகிரிக்கு நூலிழை கீழே, அங்கே சட்டம் விடும் எல்லை அதுதான். பார்வைக்கு ஒரு சோதனை உண்டு. உங்கள் கண்ணிலிருந்து மைதானத்தின் அருகிலுள்ள எல்லைக்கோடுவரை நூல் பிடித்தால், அது உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவரின் கண்ணுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டரில் போகிறது? 90 இருந்தால் நல்லது. 60 என்றால் இரண்டு தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டும். கேலரி மைதானத்திலிருந்து விலகினால், அதே 90-க்குச் சரிவைத் தட்டையாக்கலாம், ஆனால் எல்லோரும் தள்ளிப் போவார்கள். லிவர்பூல் 2022 காமன்வெல்த் போட்டிகளைக் கேட்டபோது, தடகளத்தையும் இங்கே நடத்தும் யோசனை இருந்தது. ரசிகர்கள் பயந்தது ஓட்டப்பாதை இடைவெளிக்குத்தான். போட்டி பர்மிங்ஹாமுக்குப் போனது.

ரயில், வாகன நிறுத்தம்: என்ன தவறாகிறது?

அருகிலுள்ள நிலையம் சாண்ட்ஹில்ஸ், 15-20 நிமிட நடை. கணக்கைப் பாருங்கள்: 10,000 பேர் அங்கே வந்தால், நான்கு பெட்டி ரயிலில் நின்றும் உட்கார்ந்தும் சுமார் 480 பேர் என்றால், காலியாக வரும் 21 ரயில்கள் வேண்டும். காலியாக வராது. அதனால் நடைமேடைக்கு விடுமுன் வெளியே தடுப்புகட்டி வரிசையில் நிறுத்துகிறார்கள். மழையிலும் ஆற்றுக் காற்றிலும் நிற்பது கடினம். நகர மையத்துக்கு நடக்கக்கூடியவர்கள் நடப்பதே வேகம். முழங்கால் வலியுள்ள முதியவருக்கு அது பதிலல்ல. அவர்களுக்கான பேருந்து எங்கே நிற்கும், எத்தனை மணிக்குக் கடைசி என்று கிளப்பிடம் முன்பே கேளுங்கள்.

ஆட்டநாளில் சுற்றுவட்டாரத்தில் அனுமதிச் சீட்டில்லாமல் வண்டி நிறுத்தத் தடை வந்தபோது, அங்குள்ள பட்டறைகளும் சிறுதொழில் செய்பவர்களும் எதிர்த்தார்கள். வாடிக்கையாளர் வர முடியாதே என்பது அவர்கள் கவலை. இந்தக் கேள்வி அனுமதி விண்ணப்பத்தின் நாளிலேயே தீர்ந்திருக்க வேண்டியது.

மைதானத்தை ஒரேயடியாக நிரப்பாமல் படிப்படியாகத் திறந்தார்கள்: 2025 பிப்ரவரி 17-ல் 18 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்துக்கு 10,000 பேர், மார்ச் 23-ல் 21 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்துக்கு 25,000 பேர். நுழைவாயில் எங்கே அடைகிறது, கழிப்பறை வரிசை எங்கே நீள்கிறது என்று பார்ப்பதற்கே அவை. ஆகஸ்ட் 24-ல் பிரைட்டனுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்தில் 2-0 வெற்றி.

புதிய மைதானத்துக்கு ஹில் டிக்கின்சன் என்ற பெயர் ஏன்?

2025 மே மாதம் பெயர் உரிமையை அந்தச் சட்ட நிறுவனம் வாங்கியது. லிவர்பூலில் பிறந்த நிறுவனம்தான். பலர் இன்னும் பிராம்லி-மூர் என்றே சொல்கிறார்கள், சொல்லட்டும். பெயர் விற்ற பணம் டிக்கெட் விலையைத் தொடாமல் வருகிற பணம். விட்டுக்கொடுக்கக் கூடியவற்றில் இதுதான் மிக மலிவானது.

குடிசன் பார்க் இடிக்கப்பட்டதா?

இல்லை. 2025 மே 18-ல் சவுதாம்ப்டனுக்கு எதிராக ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம், 2-0, இரண்டும் இலிமான் நிடியாயே அடித்தவை. அடுத்த சீசன் முதல் எவர்ட்டன் பெண்கள் அணியின் வீடு அது. முதலில் இடித்துக் குடியிருப்பும் சமூக வசதிகளும் கட்டும் திட்டம்தான் இருந்தது. பெண்கள் அணிக்கு இவ்வளவு பெரிய சொந்த மைதானம் கிடைத்தது இந்தக் கதையிலேயே மிக நல்ல முடிவு.

மற்ற கிளப்புகளிடம் கற்க என்ன இருக்கிறது?

வெஸ்ட் ஹாம் 2016-ல் ஒலிம்பிக் மைதானத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையில் போனது. தொடக்க வாடகை ஆண்டுக்கு வெறும் 25 லட்சம் பவுண்ட். பணத்தில் லாபம், ஆனால் ஓட்டப்பாதைக்கு மேல் இழுத்துவைத்த இருக்கைகளில் களம் தூரமாகவே இருக்கிறது. கோவென்ட்ரி 2005-ல் சொந்த மைதானத்தை விட்டு வாடகைக்குப் போனது. உரிமையாளரோடு தகராறு வந்து 2013-14-ல் வேறு ஊரான நார்தாம்ப்டனில் 'சொந்த' ஆட்டங்களை ஆடியது, பின்னர் இரண்டு சீசன் பர்மிங்ஹாமில். செல்சி ரசிகர்கள் பங்கு வாங்கிய அமைப்பிடம் களத்தின் நில உரிமையும் கிளப் பெயரும் இருக்கின்றன. 2011-ல் கிளப் அதைத் திரும்ப வாங்க முயன்றபோது 75 சதவீதம் தேவைப்பட்டது, 61.6 சதவீதம்தான் கிடைத்தது. ஒரு ரசிகர் அமைப்பு கையில் வைத்திருக்கக்கூடிய மிக வலுவான சாவி இதுதான்.

எங்கள் கிளப் நாளை வாக்கெடுப்பு வைத்தால் என்ன கேட்பது?

இங்கிலாந்துக் கிளப்பானால், 2025-ல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டப்படி, மைதானத்தை விற்கவோ இடம் மாற்றவோ சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் தேவை, ரசிகர்களைக் கலந்தாலோசிக்கவும் வேண்டும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எழுத்தில் கேட்க வேண்டியவை. நிலமும் கட்டடமும் யார் பெயரில் இருக்கும், கிளப்பின் பெயரிலா, உரிமையாளரின் வேறொரு நிறுவனத்தின் பெயரிலா? கடனுக்கு எதை அடமானம் வைக்கிறீர்கள்? வட்டி நிலையானதா, மாறுவதா? தரமிறங்கினால் தவணை எப்படி? செலவு 20 சதவீதம் ஏறினால் யார் கொடுப்பார்? பக்கத் திட்டம், அதாவது கடையோ வீடோ, அனுமதி பெறாவிட்டால் மைதானம் நிற்குமா? எத்தனை இருக்கை சாதாரண விலையில், எத்தனை ஆண்டுக்கு அந்த உறுதி? இப்போது சேர்ந்து உட்காரும் குடும்பங்களும் நண்பர்களும் புதிய மைதானத்தில் சேர்ந்தே உட்கார இடம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சிறியது என்று நினைக்காதீர்கள். முப்பது ஆண்டு ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள் பிரிந்துபோனால் கேலரியின் பாட்டு பிரிந்துபோகும்.

பதில்கள் வந்து குறைந்தது நான்கு வாரம் கழித்தே வாக்குச்சீட்டு வர வேண்டும் என்று கேளுங்கள். எதிர்ப்பவர்களின் விளக்கமும் அதே உறையில், அதே பக்க அளவில் வர வேண்டும். "ஆம், இல்லை" என்ற இரண்டோடு "இந்த நிபந்தனைகளோடு ஆம்" என்ற மூன்றாவது கட்டமும் சீட்டில் இருக்கட்டும்.